பணியிட விபத்தும் வாழ்நாள் வருமானமும்

சில ஆண்டுகளுக்கு முன், ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் தொழிற்பேட்டையை ஒட்டிய கிளை ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முற்பகலில் பணம் எடுக்கும் படிவம் ஒன்று கவுண்டரிலிருந்து என் மேசைக்கு வந்தது. மாதிரிக் கையொப்பத்தோடு கையொப்பம் பொருந்தவில்லை என்று காசாளர் குறித்திருந்தார். படிவத்துக்கு உரியவரை அழைத்தேன். முப்பது வயது இருக்கும். பீகாரிலிருந்து வந்து, வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறையில் பவர் பிரஸ் இயக்கிவந்தவர். வலக்கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு இல்லை. கையொப்பம் பொருந்தாததற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இடக்கையால் புதிய மாதிரிக் கையொப்பம் பெற்று, சான்றளித்துப் பதிவு செய்தோம். அரைமணி நேர வேலைதான். அது முடிந்தபின் அவர் கேட்ட கேள்வியே என்னை நெடுநாள் விடாமல் தொடர்ந்தது. பட்டறைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் தந்து, முத்திரைத்தாளில் 'இனி எனக்கு எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி வாங்கத் தயாராக இருக்கிறாராம். வாங்கிக்கொள்ளலாமா, அந்தத் தொகையை நம் கிளையில் எத்தனை ஆண்டுக்கு வைப்பு வைத்தால் நல்லது என்று கேட்டார்.

வைப்புத்தொகை திரட்டுவது என் பணிகளுள் ஒன்று. ஆயினும் அன்று அந்த வைப்பைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சட்டப்படி என்ன உரியது என்று எனக்கே முழுமையாகத் தெரியாதிருந்ததை அன்றுதான் உணர்ந்தேன். அதன்பின் தேடிப் படித்து அறிந்தவற்றையும், அவற்றின் மீது எனக்கு உண்டான கருத்துகளையும் நம் வாடிக்கையாளர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம்முள் பலர் ஊதியம் பெறுவோர். சிலர் ஊதியம் கொடுப்போர். இரு தரப்பாரும் அறிய வேண்டிய செய்தி இது.

இரு சட்டங்கள், இரு வகைப் பாதுகாப்பு

பணியிடத்தில் நேரும் காயத்துக்கு இந்தியாவில் முதலில் வந்த பாதுகாப்பு, 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். அடுத்த ஆண்டு ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் அடிப்படை ஓர் உடன்பாடு போன்றது. விபத்து யார் தவற்றால் நேர்ந்தது என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பணியின் காரணமாகவும் பணியின் போதும் நேர்ந்தது என்றால் போதும். அதற்கு ஈடாக, இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தின் மதிப்பீட்டுக்கு விடப்படாமல் ஒரு வாய்பாட்டுக்குள் அடைக்கப்பட்டது. இந்தத் தொகையைத் தர வேண்டியவர் முதலாளி.

இரண்டாவது, 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ. பேராசிரியர் பி. பி. அதார்கர் 1944-இல் அளித்த அறிக்கை அதற்கு அடித்தளம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். இங்கே முதலாளியின் கையை எதிர்பார்க்க வேண்டியதில்லை. தொழிலாளியும் முதலாளியும் செலுத்தும் சந்தாவைக் கொண்டு கழகமே உதவித்தொகை தருகிறது. பத்து பேரும் அதற்கு மேலும் பணியாற்றும் நிறுவனங்களில், மாதம் ரூ. 21,000 வரை ஊதியம் பெறுவோர் இதில் அடங்குவர். மாற்றுத்திறனாளிகளுக்கு இவ்வரம்பு ரூ. 25,000. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் சந்தா ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் சந்தா 3.25 விழுக்காடு.

இவ்விரு சட்டங்களும் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பெயரும் பிரிவு எண்களும் மாறினவே தவிர, நான் இங்கே சொல்லப்போகும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. இ.எஸ்.ஐ.யில் உள்ளவர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் முதலாளியிடம் தனியே கோர முடியாது என்பதும் அவ்வாறே தொடர்கிறது. ஆகவே ஒருவர் இவ்விரு கதவுகளுள் எதற்குள் நிற்கிறார் என்பதே அவருடைய எதிர்காலத்தை முடிவு செய்கிறது.

அந்த இளைஞரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வணிகவியல் படித்தவன் என்பதால் எதையும் எண்ணில் பார்த்தால்தான் எனக்கு மனம் ஒப்பும். அவருடைய மாத ஊதியம் ரூ. 15,000. ஒரு கையில் இரு விரல்களை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது.

அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்தால், காயம் ஆறும் வரை தற்காலிக இயலாமைக்கான உதவித்தொகை நாளொன்றுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ரூ. 450. நான்கு மாதம் வீட்டில் இருந்தால் ரூ. 54,000. மருத்துவச் செலவு முழுவதும் தனி. அதன்பின் மருத்துவ வாரியம் நிரந்தர இழப்பை 20 விழுக்காடு என்று உறுதி செய்தால், அந்த 450 ரூபாயில் ஐந்தில் ஒரு பங்கு, நாளொன்றுக்கு ரூ. 90, மாதம் சுமார் ரூ. 2,700 வாழ்நாள் முழுவதும் அவருக்கு வந்துகொண்டிருக்கும். விலைவாசி உயர்வை ஈடுசெய்ய அத்தொகையை அவ்வப்போது கூட்டுவதும் உண்டு. வேறு வேலை கிடைத்து முன்போலவே சம்பாதிக்கத் தொடங்கினாலும் இத்தொகை நிற்பதில்லை. இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. வேலைக்குப் போனால் நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சியே பலர் மருத்துவ வாரியத்தின் முன் போவதையே தள்ளிப்போடுகிறார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

அவர் இ.எஸ்.ஐ.யில் இல்லாதிருந்தால், இழப்பீட்டுச் சட்டத்தின் வாய்பாடு வேறு. மாத ஊதியத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்குக் காரணி 207.98. ஆக ரூ. 9,000 பெருக்கல் 207.98, அதாவது ரூ. 18,71,820. இது முழு இயலாமைக்கான தொகை. அதில் 20 விழுக்காடு ரூ. 3,74,364. ஒரே தவணையில் அவர் பெற வேண்டிய தொகை இது.

இவற்றின் பக்கத்தில் ஒப்பந்தக்காரரின் ஐம்பதாயிரத்தை வைத்துப் பாருங்கள்.

அந்த முத்திரைத்தாளுக்கு என்ன மதிப்பு? சட்டத்தின்படி ஒன்றுமில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித்தரும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. ஒப்பந்தக்காரர் தராவிட்டால் எந்த நிறுவனத்தின் வேலைக்காக அவர் அனுப்பப்பட்டாரோ அந்த முதன்மை முதலாளியிடமே கோரலாம். உரிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. தக்க காரணம் இல்லையெனில் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு. 'உரிய நாள்' என்பது ஆணையர் தீர்ப்பு வழங்கும் நாள் அன்று. விபத்து நேர்ந்த நாளே என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1975-இல் வந்த அத்தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. தச்சர் ஒருவர் இடக்கையை இழந்தார். அட்டவணைப்படி பார்த்தால் அது பகுதி இயலாமைதான். ஆனால் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால், அவருடைய தொழிலைப் பொறுத்தவரை அது முழு இயலாமையே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அட்டவணையின் எண்ணை இறுதி என்று நினைத்து அடங்கிவிட வேண்டியதில்லை.

பதிவு என்னும் முதற்படி

அந்த இளைஞருக்கு இ.எஸ்.ஐ. இருந்ததா என்றால், இருந்தது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். ஊதியத்தில் மாதந்தோறும் ஏதோ பிடித்தம் நடந்ததை அவர் அறிவார், அட்டை பார்த்ததில்லை. விபத்து நேர்ந்த நாளின் பிற்பகலில்தான் அவர் பெயர் பதிவு செய்யப்பட்டது. இது அவருக்கு மட்டும் நேர்ந்த கதையன்று. மானேசர், ஃபரிதாபாத் பகுதிகளின் வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்தோரைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்னும் தன்னார்வ அமைப்பு 'க்ரஷ்ட்' என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. விபத்துக்குப் பின்னரே அட்டை பெறுவது அங்கே பரவலான வழக்கம் என்பதை அவ்வறிக்கைகள் எடுத்துக்காட்டியுள்ளன.

இதில் தொழிலாளிக்கு அச்சம் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பணியிடக் காயத்துக்கான உதவித்தொகைக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி பதிவு செய்யத் தவறியிருந்தால் கழகம் தொழிலாளிக்குத் தந்துவிட்டு, முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சட்டம் வழிவகுக்கிறது. ஆனால் இவ்வுரிமை காகிதத்திலிருந்து கைக்கு வர, விபத்து அங்கேதான் நேர்ந்தது என்பதற்கு ஏதாவது ஒரு சான்று வேண்டும். மருத்துவமனையின் முதல் சீட்டில் 'எந்திரத்தில் அகப்பட்டது' என்று எழுதப்படாமல் 'வீட்டில் விழுந்தார்' என்று எழுதப்பட்டுவிட்டால், அதைத் திருத்தப் பல மாதங்கள் அலைய நேரிடும். சேர்க்கும்போது உடன் வருபவர் பெரும்பாலும் மேற்பார்வையாளர். அவர் சொல்வதையே மருத்துவமனை எழுதிக்கொள்ளும். அந்த ஒரு வரியை உறவினரோ உடன் பணிபுரிவோரோ படித்துப் பார்க்க வேண்டும். பிற எல்லாத் தாள்களையும்விட இதுவே முக்கியம் என்பது என் கருத்து.

வங்கியின் பங்கும் சிறிது உண்டு. ஊதியம் நம் கணக்கில் வரவாகிறது என்றால் அந்தக் கணக்கு அறிக்கையே பணி உறவுக்குச் சான்று. கையில் ரொக்கமாக ஊதியம் வாங்கும் ஒருவர், விபத்துக்குப் பின் தாம் அங்கே வேலை பார்த்தவர்தாம் என்பதையே மெய்ப்பிக்கத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். ஊதியச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ரூ. 15,000 ஊதியத்துக்கு அது ரூ. 113. பிடித்தம் இருந்தால் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டில் யாரேனும் பட்டறையிலோ கடையிலோ பணிபுரிந்தால், அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

காயத்தால் வேலையை விட நேர்ந்தவர்கள் அறியாத சலுகை ஒன்றும் உண்டு. பணியிடக் காயத்தால் நிரந்தர இயலாமை அடைந்து வேலையை இழந்தவர், ஓய்வுபெறும் வயது வரை மாதம் பத்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு ரூ. 120 செலுத்தி, தமக்கும் மனைவி அல்லது கணவருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். இதற்கு எவரும் நினைவூட்டல் அனுப்புவதில்லை; தானே போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

பதவி உயர்வு பறிக்கும் பாதுகாப்பு

இதுவரை சொன்னது சட்டம் நன்றாக இருந்து நடைமுறை தவறும் இடம். சட்டமே தவறியிருக்கும் இடம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். அது ஊதிய வரம்பு.

நாற்பது வயது இயந்திரப் பணியாளர் ஒருவர் மாதம் ரூ. 20,000 பெறுகிறார் என்று கொள்வோம். அவர் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார். பணியில் முழு இயலாமை நேர்ந்தால் ஊதியத்தில் 90 விழுக்காடு, மாதம் ரூ. 18,000, வாழ்நாள் முழுவதும் வரும். அதே தொழிற்சாலையில் அதே வயதுடைய மேற்பார்வையாளர் ரூ. 40,000 பெறுகிறார். அவர் இ.எஸ்.ஐ. வரம்பைக் கடந்தவர், எனவே இழப்பீட்டுச் சட்டத்தின் கதவுதான் அவருக்கு. அங்கே கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அது 2010 மே மாதம் முதல் ரூ. 8,000 ஆக இருந்து, 2020 ஜனவரியில் ரூ. 15,000 ஆனது. அவர் நாற்பதாயிரம் பெற்றாலும் பதினைந்தாயிரம் பெறுபவராகவே சட்டம் அவரைப் பார்க்கும். நாற்பது வயதின் காரணி 184.17. ரூ. 9,000-ஐ அதனால் பெருக்கினால் ரூ. 16,57,530.

கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் அவருடைய ஊதியத்தில் அது மூன்றரை ஆண்டுக்கும் குறைவு. ஓய்வுபெற அவருக்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருக்கின்றன. மாதம் ரூ. 18,000 பெறும் இயந்திரப் பணியாளர், எட்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பதினாறரை இலட்சத்தைக் கடந்துவிடுவார். அதற்குப் பின்னும் பெற்றுக்கொண்டிருப்பார். பாதி ஊதியம் பெற்றவருக்குக் கூடுதல் பாதுகாப்பு. ரூ. 20,500-லிருந்து ரூ. 22,000-க்கு ஊதியம் உயர்ந்ததற்காக இனிப்பு வழங்கும் ஊழியர், அந்தச் சந்தாக் காலம் முடிந்ததும் தாம் காப்பீட்டுக் குடையை விட்டு வெளியேறுகிறார் என்பதை அறிவதில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பிடித்தம் நின்றது என்ற மகிழ்ச்சிதான்.

இன்னொரு ஒப்பீடும் உண்டு. அதே மேற்பார்வையாளர் விடுமுறை நாளில் கடைத்தெருவில் நிற்கும்போது லாரி மோதினால், வாகன விபத்துத் தீர்ப்பாயம் அவருடைய உண்மையான வருமானத்தை வைத்தே இழப்பீடு கணக்கிடும். எதிர்காலத்தில் வருமானம் உயரும் வாய்ப்பையும் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு வழிகாட்டியிருக்கிறது. தொழிற்சாலைச் சுவருக்கு வெளியே நாற்பதாயிரம், உள்ளே பதினைந்தாயிரம்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வாகன விபத்தில் ஓட்டுநரின் கவனக்குறைவை மெய்ப்பிக்க வேண்டும். பணியிட விபத்தில் அது தேவையில்லை. விரைவாகவும் வழக்கின் சுமையின்றியும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தொகைக்கு எல்லை கட்டினார்கள். 1923-இன் உடன்பாடு அதுதான். ஆனால் விரைவு என்னும் பாதியை நாம் தொழிலாளிக்குத் தருகிறோமா? ஆணையர் முன் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும்போது, எல்லை என்னும் பாதியை மட்டும் அவர்மேல் சுமத்துவது ஒருதலைப்பட்சமானது. இ.எஸ்.ஐ.யின் ரூ. 21,000 வரம்பு 2017 ஜனவரியில் வைக்கப்பட்டது. அகவிலைப்படி விலைவாசிக் குறியீட்டைப் பின்பற்றி ஆண்டுக்கு இருமுறை உயரும் நாட்டில், இவ்விரு வரம்புகளும் ஏதோ ஓர் அறிவிக்கைக்காக ஏன் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்? அவற்றையும் குறியீட்டோடு இணைத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி தீரும். சந்தா கூடும் என்று சிறு தொழிலதிபர்கள் கவலைப்படலாம். அவர்கள் நம் வாடிக்கையாளர்கள். அவர்களின் நடப்புக் கணக்குகளை நான் அறிவேன். ஒரே ஒரு பெரிய விபத்தின் இழப்பீடு வட்டியோடும் அபராதத்தோடும் வந்தால் சிறு பட்டறை மூடப்பட வேண்டியதுதான். 3.25 விழுக்காடு சந்தா அவர்களையும் காக்கிறது.

இருபது ரூபாயும் அதன் எல்லையும்

இ.எஸ்.ஐ.க்கு வெளியே நிற்பவர்களுக்கு என்ன வழி என்று வாடிக்கையாளர்கள் கேட்பதுண்டு. நாம் முதலில் சுட்டுவது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 2015-இல் பன்னிரண்டு ரூபாயில் தொடங்கியது. 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு இருபது ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரு கண், இரு கை, இரு கால், அல்லது ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ முற்றிலும் இழந்தாலோ ரூ. 2 இலட்சம்; ஒரு கண்ணின் பார்வையையோ ஒரு கையையோ காலையோ இழந்தால் ரூ. 1 இலட்சம்.

இதைவிட மலிவான பாதுகாப்பு இல்லை. ஆயினும் அந்த இளைஞரின் கணக்கில் இத்திட்டம் இருந்தும் அவருக்கு இதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இரு விரல் போனது ஒரு கை போனதாகாது. அந்த உரிமைக் கோரிக்கைப் படிவத்தை நிரப்பத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு மே மாத இறுதியிலும் கணக்கில் இருபது ரூபாய் இல்லாமையால் புதுப்பிக்கப்படாமல் போகும் காப்பீடுகளைப் பற்றி நாங்கள் குறுஞ்செய்தி அனுப்புகிறோம். அது போதாது என்பது என் தனிப்பட்ட கருத்து. வாடிக்கையாளர்களும் மே மாதம் ஒரு முறை பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துக்கொள்வது நல்லது.

வருங்கால வைப்புநிதியில் உறுப்பினராக உள்ளவர்களுக்கு, 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இயலாமை ஓய்வூதியம் உண்டு. பத்து ஆண்டுப் பணி நிறைவு இதற்குத் தேவையில்லை; ஒரு மாதச் சந்தா சென்றிருந்தாலே போதும். விபத்து பணியிடத்தில்தான் நேர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இயலாமை முழுமையானதாகவும் நிரந்தரமானதாகவும் இருக்க வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் ரூ. 1,000 தான். அரசின் மாற்றுத்திறனாளர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு மாதம் ரூ. 300, அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 80 விழுக்காடு இயலாமை உள்ளவர்களுக்கு. இத்தொகையைப் பற்றி நான் கருத்துச் சொல்லத் தேவையில்லை.

அரசுப் பணியில் இருப்போருக்கு வேறொரு காப்பு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பணிக்காலத்தில் உடற்குறை நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் பணிநீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் துறைக்கு அவ்விதி இல்லை. இணையவழி நிறுவனங்களுக்காக வண்டி ஓட்டிப் பொருள் கொண்டுசேர்க்கும் இளைஞர்களுக்குப் புதிய சட்டத் தொகுப்பு, அந்நிறுவனங்களின் பங்களிப்பில் ஒரு நிதியை ஏற்படுத்த வழி செய்திருக்கிறது. அந்த நிதியிலிருந்து விபத்துக் காப்பும் இயலாமைக் காப்பும் என்ன அளவில் கிடைக்கும் என்பது வகுக்கப்படும் திட்டங்களைப் பொறுத்தது.

நாங்கள் செய்ய வேண்டியது

வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தை மறைப்பது முறையன்று. வீட்டுக் கடன் தரும்போது கடனோடு ஒரு காப்பீட்டையும் எடுக்கச் சொல்கிறோம். அதில் பெரும்பாலானவை இறப்புக்கானவை. கடனாளி இறந்தால் கடன் தீரும். கை இழந்து உயிரோடு இருந்தால் தவணை தொடரும். இயலாமைக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்பதில்லை. நாங்களும் தாமாகச் சொல்வதில்லை. நாமினி யார் என்று எத்தனையோ படிவங்களில் கேட்கும் நாங்கள், 'நீங்கள் சம்பாதிக்க முடியாமல் போனால்?' என்ற கேள்வியை எந்தப் படிவத்திலும் வைக்கவில்லை. கடன் வாங்குவோர் கையொப்பமிடும் முன் இதை எழுத்தில் கேட்டு விடை பெறுங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கும்போதும், பகுதி இயலாமைக்கு எத்தனை விழுக்காடு, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குத் தொகை உண்டா என்ற இரண்டையும் படித்துப் பாருங்கள்.

மற்றொன்று. பணியிட இழப்பீட்டையும் இ.எஸ்.ஐ. உதவித்தொகையையும் அடகு வைக்கவோ, கடனுக்காகப் பற்றுகை செய்யவோ, எந்தப் பாக்கிக்கும் நேர்செய்யவோ சட்டம் இடம் தரவில்லை. அந்தத் தொகை கணக்கில் வரவானதும் நிலுவைத் தவணைக்கு எடுத்துக்கொள்ளும் எண்ணம் எந்த அதிகாரிக்கும் வரக்கூடாது. சட்டத்தின் நோக்கம் தெளிவாக இருக்கிறது. தவணை தடுமாறினால் அதற்கு மறுசீரமைப்பு என்னும் வழி உண்டு. வாடிக்கையாளர் முன்கூட்டியே கிளைக்கு வந்து பேசினால் அது எளிது. மூன்று தவணை தவறியபின் வந்தால் எங்கள் கைகளும் கட்டுண்டுவிடும். கையொப்பமே இட முடியாத நிலையில் உள்ளவர்கள் கைரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடம் தருகிறது. வங்கிக்கு அறிமுகமான இரு சாட்சிகள் வேண்டும், அவருள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கணக்கை மூடிவிட்டு உறவினர் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

மொத்தத் தொகையாக வரும் இழப்பீடு எங்கே போகிறது என்பதையும் நாங்கள் கண்ணால் காண்கிறோம். மூன்றே முக்கால் இலட்சத்தை ஏழு விழுக்காட்டு வட்டியில் வைத்தால் மாதம் சுமார் ரூ. 2,180 வரும், முதலும் நிற்கும். காகிதத்தில் இது இ.எஸ்.ஐ.யின் ரூ. 2,700-க்கு அவ்வளவு தாழ்ந்ததன்று. நடப்பில், பழைய கடன், தங்கையின் திருமணம், ஊரில் பாதி கட்டிய வீடு என்று ஓராண்டுக்குள் கணக்கு வெறுமையாகும். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தத் தேவைகள் எதுவும் பொய்யன்று. வாகன விபத்து இழப்பீட்டுக்கு மட்டும் வங்கிகள் ஓர் ஆண்டுத்தொகை வைப்புத் திட்டம் வைத்திருக்கின்றன. தீர்ப்பாயத்தின் ஆணைப்படி தொகை வைப்பாகி, மூன்று முதல் பத்து ஆண்டு வரை மாதத் தவணையாகப் பயனாளியின் கணக்குக்கு வரும். அதன்மேல் கடன் வாங்க முடியாது. பணியிட இழப்பீட்டுக்கும் அத்தகைய வைப்பை ஆணையர்களும் வங்கிகளும் சேர்ந்து ஏற்படுத்தலாம். முழுத் தொகையையும் பூட்ட வேண்டியதில்லை. உடனடித் தேவைக்கு ஒரு பகுதியைக் கையில் தந்து, எஞ்சியதை மாத வருமானமாக மாற்றும் விருப்பத்தைத் தொழிலாளிக்குத் தந்தாலே போதும்.

அந்த இளைஞர் முத்திரைத்தாளில் கையொப்பமிடவில்லை. தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் துணையோடு கழகத்தின் கிளை அலுவலகத்துக்குச் சென்றார். விபத்து அறிக்கைக்காக இரு முறையும் மருத்துவ வாரியத்துக்காக மூன்று முறையும் அலைந்தார். வாரியம் முதலில் குறைவாக மதிப்பிட்டது, மேல்முறையீடு செய்தார். ஏறத்தாழ பதினான்கு மாதங்களுக்குப் பின் அவருடைய கணக்கில் நிலுவையோடு முதல் தொகை வரவானது. அதை எடுக்க வந்தபோது, இடக்கைக் கையொப்பம் மாதிரியோடு சரியாகப் பொருந்தியிருந்தது. காசாளர் படிவத்தை என் மேசைக்கு அனுப்பவில்லை; நானாகத்தான் எழுந்து சென்று பார்த்தேன்.